கிராம்பு எண்ணெயில் இருப்பது யூஜினால்தான் என்று என்.எம்.ஆர். எப்படிச் சொல்கிறது?

கேள்வி இது: எம்.எஸ்சி. புராஜெக்டுக்காகக் கிராம்பை நீராவியில் வடித்து, வந்த எண்ணெயைக் காரத்தில் கரைத்துப் பிரித்து, என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) எடுத்தாகிவிட்டது. தாளில் வந்த பீக்குகள் (முகடுகள்) புத்தகத்தில் இருக்கும் ஷிஃப்ட் அட்டவணையோடு, அதாவது எந்த வகை ஹைட்ரஜன் எந்த எண்ணில் வரும் என்னும் பட்டியலோடு, பொருந்துகின்றன. ஆனால் வைவாவில் 'இது யூஜினால்தான் என்று எதை வைத்துச் சொல்கிறாய்?' என்று கேட்டால் என்ன சொல்வது?

கண்டிப்பாகக் கேட்பார்கள். நானாக இருந்தாலும் கேட்பேன். 'அட்டவணையோடு பொருந்துகிறது' என்பது அதற்குப் பதில் ஆகாது. 6.5 முதல் 7 வரை பென்சீன் வளையம், 5-லும் 6-லும் இரட்டைப் பிணைப்பு, 3.9-ல் மெத்தாக்சி என்று அட்டவணை சொல்வது யூஜினாலுக்கும் பொருந்தும், அதே மூலக்கூறு வாய்பாடு கொண்ட அரை டஜன் பங்காளிகளுக்கும் பொருந்தும். என்.எம்.ஆர். பெயர் சொல்லும் கருவி இல்லை. இப்படி இருக்கலாம், இப்படி இருக்க முடியாது என்று ஒவ்வொரு பீக்கும் ஒரு நிபந்தனை போடுகிறது. எல்லா நிபந்தனைக்கும் தப்பி எது மிஞ்சுகிறதோ அதுதான் உங்கள் சேர்மம். ஆகவே யூஜினால் பொருந்துகிறதா என்று பார்ப்பதைவிட மற்றவை ஏன் பொருந்தவில்லை என்று காட்டுவதுதான் வேலை. உங்கள் மாதிரியையே வைத்துக்கொண்டு அதைச் செய்து பார்ப்போம்.

அதற்கு முன், கருவி என்ன செய்கிறது என்று இரண்டு வரி. ஹைட்ரஜன் அணுக்கரு ஒரு குட்டிக் காந்தம். 9.4 டெஸ்லா புலத்தில் நிறுத்தினால் அது 400 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக்குப் பதில் சொல்லும். எல்லா ஹைட்ரஜனும் அச்சு அசலாக ஒரே அலையில் பதில் சொல்லியிருந்தால் வேதியியல்காரர்களுக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. சுற்றியிருக்கும் எலக்ட்ரான்கள் வெளிப்புலத்தைத் துளி மறைக்கின்றன. எலக்ட்ரான் குறைந்த இடத்தில் மறைப்பும் குறைவு. அந்தத் துளி வித்தியாசம் பத்து லட்சத்தில் சில பங்கு, அதனால்தான் அளவு பி.பி.எம். 1946-ல் என்.எம்.ஆரை முதலில் அறிவித்த பர்செல்லும் பிளாக்கும் இயற்பியலாளர்கள், 1952-ல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்கள். அணுக்கருவின் காந்தத் திறனைத் துல்லியமாக அளக்கப் பார்த்தவர்களுக்கு இந்த மறைப்பு ஒரு தொல்லை. நமக்கு அதுதான் சோறு போடுகிறது.

1951-ல் ஸ்டான்ஃபோர்டில் அர்னால்டு, தர்மட்டி, பேக்கர்டு மூவரும் சாதாரண எத்தனாலை வைத்துப் பார்த்தபோது மூன்று மேடுகள் தெரிந்தன. பரப்பளவு 1:2:3. அதாவது ஓ.எச்., சி.எச்.2, சி.எச்.3. பரப்பளவை அளந்து ஹைட்ரஜனை எண்ணும் இன்டெக்ரேஷன், நாம் இன்றைக்கும் செய்வது, அங்கேதான் தொடங்குகிறது. நடுவில் இருக்கும் தர்மட்டி நம் நாட்டுக்காரர். பிறகு மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்துக்கு வந்து அங்கே என்.எம்.ஆர். குழுவை உருவாக்கினார். நம் பாடப்புத்தகங்களில் எத்தனால் படம் இருக்கும், அவர் பெயர் இருக்காது.

சரி, உங்கள் தாளுக்கு வருவோம். பீக்குகளைத் தொடுவதற்கு முன் மூலக்கூறு வாய்பாடு வேண்டும். அது மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரத்திலிருந்து வரும். நிறை 164, பத்து கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். பத்து கார்பனுக்கு நிரம்பிய நிலையில் 22 ஹைட்ரஜன் இருக்க வேண்டும். இங்கே பத்து குறைகிறது, இரண்டால் வகுத்தால் 5. வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் சேர்ந்து ஐந்து இருக்கின்றன என்று அர்த்தம். பென்சீன் வளையம் ஒன்றே நான்கை எடுத்துக்கொள்ளும். மீதி ஒன்று. இந்தக் கணக்கைத் தாளின் மூலையில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு பாருங்கள். எழுதாமல் தொடங்கியவர்கள் இல்லாத கார்பனைல் தொகுதியைக் கண்டுபிடித்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது குப்பையை ஒதுக்குவது. கரைப்பான் டியூட்டிரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய குளோரோஃபார்ம் என்றால் 7.26-ல் ஒரு பீக் வரும். அது அதில் மிச்சமிருக்கும் சாதாரண குளோரோஃபார்ம். 1.56-ல் வருவது தண்ணீர். டியூபை அசிட்டோனில் கழுவிச் சரியாகக் காய வைக்காவிட்டால் 2.17. எண்ணெயை டைகுளோரோமீத்தேனில் பிரித்திருந்தால் 5.30-ல் ஊசி போல ஒற்றைக் கோடு. எத்தில் அசிட்டேட் என்றால் 1.26, 2.05, 4.12 மூன்றும் சேர்ந்தே வரும். ஒருமுறை 1.26-லும் 0.86-லும் இருந்த பீக்குகளைப் பார்த்து, ஒரு நீண்ட சங்கிலி அமிலத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். அது கண்ணாடி மூட்டுகளில் தடவும் கிரீஸ். அன்றிலிருந்து புது ஸ்பெக்ட்ரம் கையில் வந்தால் முதலில் சிவப்புப் பேனாதான் எடுப்பேன்.

கிராம்பு எண்ணெய்க்கே உரிய குப்பையும் உண்டு. கிராம்பு எண்ணெயில் உள்ள இன்னொரு பொருளான கேரியோஃபிலீன் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் 1.0-க்குப் பக்கத்தில் மெத்தில் பீக்குகள் தலைகாட்டும். யூஜினால் அசிட்டேட் இருந்தால் 2.3-ல் ஒரு சிங்லெட் (பிளவுபடாத ஒற்றைக் கோடு) வரும். 2.5-க்குக் கீழே யூஜினாலுக்கு ஒன்றுமே கிடையாது. அந்த வெறும் பகுதி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதுதான் உங்கள் பிரித்தெடுப்புக்கு மதிப்பெண்.

இனி இன்டெக்ரேஷன். மீதி நிற்கும் தொகுதிகள் ஏழு. 6.85-ல் ஒன்று, 6.69-ல் இரண்டு, 5.96-ல் ஒன்று, 5.5-ல் ஒன்று, 5.08 சுற்றி இரண்டு, 3.88-ல் மூன்று, 3.32-ல் இரண்டு. கூட்டினால் பன்னிரண்டு. வாய்பாட்டில் உள்ள எல்லா ஹைட்ரஜனுக்கும் கணக்கு வந்துவிட்டது. கவனம், பரப்பளவு தருவது விகிதம் மட்டும்தான். எண்ணிக்கை வாய்பாட்டிலிருந்துதான் வருகிறது.

தெளிவாக இருப்பதிலிருந்து தொடங்குங்கள். 3.88, மூன்று ஹைட்ரஜன், பிளவே இல்லை. ஆக்சிஜனில் தொங்கும் மெத்தில், அதாவது மெத்தாக்சி. வேறு எதுவும் அந்த இடத்தில் அப்படி நிற்காது. 5.5-ல் இருப்பது ஓ.எச். என்று சந்தேகம். சந்தேகத்தைத் தீர்க்க டியூபில் ஒரு துளி கனநீர் விட்டுக் குலுக்கி மறுபடி எடுங்கள், ஓ.எச். ஹைட்ரஜன் டியூட்டிரியத்தோடு இடம் மாறிக்கொள்வதால் பீக் காணாமல் போகும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் 'ஓ.எச்.ஆக இருக்கலாம்' என்று எழுதுபவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

இந்த ஸ்பெக்ட்ரத்திலேயே அழகான இடம் 5.96-ல் இருக்கும் புதர்தான். பார்த்தால் பயமாக இருக்கும், பிரித்தால் கதையே அதில் இருக்கிறது. ஒரு ஹைட்ரஜனின் பீக் பக்கத்துக் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன்களால் பிளக்கிறது. எத்தனை ஹெர்ட்ஸ் பிளக்கிறது என்பது அவை எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. இரட்டைப் பிணைப்பில் எதிரெதிரே நின்றால் 17 ஹெர்ட்ஸ் வாக்கில், ஒரே பக்கம் நின்றால் 10 வாக்கில். இந்தப் புதரில் 17 இருக்கிறது, 10 இருக்கிறது, அப்புறம் 6.7 ஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒரு ட்ரிப்ளெட் (மூன்று கோடு) இருக்கிறது. அப்படியென்றால் இந்த ஹைட்ரஜனுக்கு எதிரில் ஒருவர், அதே பக்கம் ஒருவர், இன்னொரு பக்கம் இரட்டையர். அதாவது சி.எச்.2 ஒரு பக்கம், இரட்டைப் பிணைப்பின் முனையில் சி.எச்.2 மறுபக்கம். இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் மூன்று, மொத்தம் 12 கோடுகள் வர வேண்டும். எண்ணிப் பார்த்தால் பத்துதான் இருக்கும். பயப்பட வேண்டாம். 10-ம் 6.7-ம் கூட்டினால் கிட்டத்தட்ட 17, அதனால் நடுவில் இரண்டிரண்டு கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடுகின்றன. வைவாவில் இதைச் சொன்னால் அதற்கு மேல் கேள்வி வராது.

ஒரு பீக் சொன்னதை இன்னொரு பீக்கும் திருப்பிச் சொல்ல வேண்டும். 3.32-ல் இருக்கும் சி.எச்.2 ஒரு டப்ளெட் (இரட்டைக் கோடு), அதன் பிளவை அளந்தால் அதே 6.7 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும். ஆக இவர்கள் இருவரும் அண்டை வீட்டார். சாதாரணமாக இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்தில் உள்ள சி.எச்.2 2 பி.பி.எம்.-ஐ ஒட்டித்தான் வரும். 3.3 வரை தள்ளப்பட்டிருக்கிறது என்றால் மறுபக்கம் பென்சீன் வளையமும் அதை ஒட்டியிருக்கிறது. மறுபக்கம் வளையத்தில் முடிந்துவிடுவதால்தான் டப்ளெட்டுக்கு மேல் பெரிய பிளவு எதுவும் இல்லை. ஆக வளையம், சி.எச்.2, சி.எச்., சி.எச்.2: அல்லைல் தொகுதி முடிந்தது. நிறைவுறாமைக் கணக்கில் மீதியிருந்த ஒன்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது.

இந்த இடத்திலேயே முதல் பங்காளி விழுகிறார். ஐசோயூஜினால் அதே வாய்பாடுதான், ஆனால் அதன் இரட்டைப் பிணைப்பு வளையத்தை ஒட்டி நிற்கிறது. அதற்கு 1.86-ல் ஒரு மெத்தில் இருக்கும், 3.3-ல் ஒன்றும் இருக்காது. உங்கள் தாளில் நேர்மாறாக இருக்கிறது.

அடுத்து கார்பன்-13. இயற்கையில் 1.1 சதவீதம்தான் கார்பன்-13 என்பதால் மாதிரி கொஞ்சம் அதிகம் வேண்டும், இருபது முப்பது மில்லிகிராம் கொடுத்தால் நல்லது. பத்து கோடுகள் வரும்: 146.4, 143.9, 137.8, 131.9, 121.2, 115.5, 114.2, 111.0, 55.8, 39.9. கூடவே 77-ல் மூன்று கோடுகளாக வருவது கரைப்பான், அதை விட்டுவிடுங்கள். பத்து கார்பனுக்குப் பத்து கோடு என்றால் சமச்சீர் எதுவும் இல்லை. இங்கே பீக்கின் உயரத்தை நம்பி எண்ணாதீர்கள், சாதாரண கார்பன் ஸ்பெக்ட்ரத்தில் உயரத்துக்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் கிடையாது.

டெப்ட்-135 என்று ஒரு சோதனை உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். அதில் சி.எச்.2 தலைகீழாக நிற்கும், சி.எச்.-ம் சி.எச்.3-ம் நிமிர்ந்து நிற்கும், ஹைட்ரஜனே இல்லாத கார்பன் மறைந்துவிடும். உங்களுக்கு 115.5-ம் 39.9-ம் தலைகீழ். 137.8, 121.2, 114.2, 111.0, 55.8 ஐந்தும் நிமிர்ந்தவை. 146.4, 143.9, 131.9 மூன்றும் காணோம். இப்போது கார்பனில் உட்கார்ந்திருக்கும் ஹைட்ரஜன்களைக் கூட்டுங்கள். இரண்டு சி.எச்.2-க்கு நான்கு, நான்கு சி.எச்.-க்கு நான்கு, ஒரு சி.எச்.3-க்கு மூன்று. மொத்தம் 11. வாய்பாட்டில் 12. குறைகிற அந்த ஒன்று கார்பனில் இல்லை, ஆக்சிஜனில்தான் இருக்க வேண்டும். கனநீர்ச் சோதனை சொன்னதையே இன்னொரு வழியில் வந்து இதுவும் சொல்லிவிட்டது.

இதுவரை கிடைத்தது: ஒரு பென்சீன் வளையம், அதில் ஓ.எச்., மெத்தாக்சி, அல்லைல் மூன்றும். வளையத்தில் மூன்று ஹைட்ரஜன். பெரும்பாலான புராஜெக்ட் அறிக்கைகள் இங்கே நின்றுவிடும், 'ஆகவே யூஜினால்' என்று எழுதிவிடும். ஆனால் இந்த மூன்றும் வளையத்தில் எந்தெந்த மூலையில் இருக்கின்றன என்று இன்னும் ஒரு வார்த்தை கூட நிரூபிக்கவில்லை. கடினமான பாதி இனிமேல்தான்.

6.85-ல் இருக்கும் டப்ளெட்டின் பிளவு 8 ஹெர்ட்ஸ். வளையத்தில் பக்கத்துப் பக்கத்து ஹைட்ரஜன்கள்தான் அப்படிப் பிளக்கும். ஒன்று விட்டு ஒன்று என்றால் 2 ஹெர்ட்ஸ் தான். இந்த ஹைட்ரஜனுக்கு ஒரே ஒரு பக்கத்து வீட்டுக்காரர். 6.69-ல் இருவர் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடப்பதால் அங்கே தெளிவாகப் படிக்க முடியாது. 600 மெகாஹெர்ட்ஸ் கருவி கிடைத்தால் கொஞ்சம் விலகும். ஆனாலும் மூன்று ஹைட்ரஜனும் வரிசையாக உட்கார்ந்திருந்தால் நடுவில் இருப்பவர் இரண்டு பக்கமும் 8 ஹெர்ட்ஸ் பிளந்து ட்ரிப்ளெட் போல் தெரிவார். அப்படி எதுவும் இங்கே இல்லை. ஆக வளையத்தில் 1,2,4 அமைப்பு.

1,2,4 என்றாலும் யார் எந்த எண்ணில்? இரண்டு ஆக்சிஜனும் அடுத்தடுத்து இருக்கலாம், ஒன்று விட்டு இருக்கலாம், எதிரெதிரே இருக்கலாம். இதற்குப் புரோட்டானைவிட கார்பன் நன்றாகப் பதில் சொல்லும். ஆக்சிஜன் பிடித்த வளையக் கார்பன்கள் இரண்டும் 146.4, 143.9. ஒப்பிட, எதிரெதிரே ஆக்சிஜன் உள்ள 4-மெத்தாக்சிஃபீனாலில் அவை 154-ம் 150-ம் ஒட்டி வரும். ஒன்று விட்டு இருந்தால் 161, 157 என்று இன்னும் மேலே போகும். அடுத்தடுத்து இருக்கும் குவாயகாலில் 146 சுற்றி. ஒரு ஆக்சிஜனின் எலக்ட்ரான் பக்கத்துக் கார்பனுக்குப் போவதால் இரண்டுமே கீழே இழுக்கப்படுகின்றன. உங்கள் எண்கள் குவாயகால் வீட்டைச் சேர்ந்தவை. நான்கைந்து பங்காளிகள் ஒரே அடியில் வெளியே.

மிஞ்சுவது இருவர். ஓ.எச்.-க்கு எதிரில் அல்லைல் இருந்தால் யூஜினால். மெத்தாக்சிக்கு எதிரில் அல்லைல் இருந்தால் சாவிபெட்டால். ஓ.எச்.-ம் மெத்தாக்சியும் இடம் மாறி உட்கார்ந்தது மட்டும்தான் வித்தியாசம். சாவிபெட்டால் ஏதோ கற்பனைச் சேர்மம் இல்லை, சில வெற்றிலை ரகங்களின் எண்ணெயில் அதுதான் முக்கியப் பொருள். வெற்றிலைக்கு முன்பு சாவிகா பீட்டில் என்று ஒரு தாவரவியல் பெயர் இருந்தது, அதிலிருந்து வந்த பெயர். அந்த 'பீட்டில்' போர்ச்சுக்கீசியர் வாயில் மாறிய மலையாள 'வெற்றில'. ஆகவே இந்தச் சேர்மத்தின் பெயருக்குள்ளேயே நம் வெற்றிலை ஒளிந்திருக்கிறது.

புரோட்டான் ஸ்பெக்ட்ரத்தில் இருவரும் அண்ணன் தம்பி மாதிரி. எண்களில் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும், ஆனால் அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இங்கே கைகொடுப்பது என்.ஓ.இ. பிணைப்பு வழியாக இல்லாமல் வெட்டவெளியில் அருகருகே இருக்கும் ஹைட்ரஜன்களைக் காட்டும் சோதனை இது. ஐந்து ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தெரியும். 3.88-ல் இருக்கும் மெத்தாக்சியை ரேடியோ அலையால் தட்டி, வளையத்தில் யார் சத்தம் போடுகிறார் என்று பார்க்க வேண்டும். யூஜினாலில் மெத்தாக்சிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹைட்ரஜன் மெத்தாக்சிக்கும் அல்லைலுக்கும் நடுவில் தனியாக மாட்டியவர். அவருக்கு 8 ஹெர்ட்ஸ் பிளவு கிடையாது. சாவிபெட்டாலில் மெத்தாக்சிக்குப் பக்கத்தில் இருப்பவர் அந்த 8 ஹெர்ட்ஸ் டப்ளெட்தான். ஆக 6.69 தொகுதி உயர்ந்து 6.85 அசையாமல் இருந்தால் யூஜினால். 8 ஹெர்ட்ஸ் டப்ளெட் உயர்ந்தால் நீங்கள் வடித்தது கிராம்பை இல்லை.

இன்னொரு உறுதியும் செய்யலாம். அல்லைலின் 3.32-ஐத் தட்டினால் வளையத்தில் அதன் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் உயர வேண்டும். யூஜினாலில் அந்த இருவரும் 6.69-லேயே இருக்கிறார்கள், எனவே மறுபடியும் 6.85 அசையாது. இரண்டு சோதனையும் ஒரே கதையைச் சொன்னால் பிறகு எவரும் மறுக்க முடியாது. கருவி நேரம் கிடைத்தால் எச்.எம்.பி.சி.-யும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று பிணைப்பு தள்ளி இருக்கும் கார்பனையும் ஹைட்ரஜனையும் அது இணைத்துக் காட்டும். யூஜினாலுக்கு அது அவசியம் இல்லை. பெரிய மூலக்கூறுகளுக்கு அது இல்லாமல் நகரவே முடியாது.

இவ்வளவு பாடு எதற்கு, தரவுத்தளத்தில் தேடி ஒப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஏற்கெனவே தெரிந்த சேர்மத்துக்குப் போதும். ஜப்பானின் எஸ்.டி.பி.எஸ். தரவுத்தளம் இலவசம், ஒப்பிட்டும் பாருங்கள். ஆனால் புதுச் சேர்மம் என்றால் ஒப்பிட எதுவும் இருக்காது, அங்கே பெரியவர்களும் வழுக்கியிருக்கிறார்கள். ஹெக்சாசைக்ளினால் என்று ஒரு பூஞ்சைச் சேர்மம். அதற்கு முதலில் சொல்லப்பட்ட அமைப்பு தவறு என்று 2006-ல் ரிக்னோவ்ஸ்கி என்னும் வேதியியலாளர் கார்பன் ஷிஃப்ட்டுகளைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார். அவர் முன்வைத்த மாற்று அமைப்பை அதே ஆண்டு போர்கோ குழு ஆய்வகத்தில் உருவாக்கி உறுதி செய்தது. முதல் அமைப்பும் பார்வைக்குப் பீக்குகளோடு பொருந்தத்தான் செய்தது.

என்.எம்.ஆர். சொல்லாததும் இருக்கிறது. வலக்கை, இடக்கை மூலக்கூறுகளைச் சாதாரண கரைப்பானில் அது பிரித்துக் காட்டாது. குளோரின், புரோமின் இருப்பது பீக்கின் இடத்திலிருந்து ஊகமாகத்தான் தெரியும், அதற்கு மாஸ் வேண்டும். யூஜினாலுக்கு இந்த இரண்டு கவலையும் இல்லை.

கடைசியாக நடைமுறை. பிரிண்ட் எடுத்த தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், எஃப்.ஐ.டி. என்னும் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அதிலிருந்துதான் 5.96 புதரைப் பெரிதாக்கி ஹெர்ட்ஸ் அளக்க முடியும். உங்கள் கல்லூரியில் கருவி இல்லை என்றால் ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்ள சைஃப் போன்ற மையங்கள் வெளியிலிருந்து வரும் மாதிரிகளையும் எடுத்துத் தருகின்றன. அனுப்பும்போது படிவத்தில் என்.ஓ.இ. வேண்டும் என்று தனியாக எழுதுங்கள், கேட்காவிட்டால் எடுக்க மாட்டார்கள். டியூபைத் திருப்பித் தரச் சொல்லவும் மறக்காதீர்கள். என்.எம்.ஆர். மாதிரியை எதுவும் செய்வதில்லை. ஆனால் கனநீர் விட்டுக் குலுக்குவதை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் மற்ற சோதனைகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.